அத்தைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

நம் வீடுகளில் சரளமாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் 'இக்னோர்' என்பதும் ஒன்றாகிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வரும் எதிர் வீட்டு மாமி, "என்னை நன்னாப் பார்த்துட்டு இக்னோர் பண்ணிட்டா!" என்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பேத்தி, "இனிமேல் அவளை இக்னோர் பண்ணப் போறேன், தாத்தா" என்கிறாள். இருவருக்கும் நடுவே உட்கார்ந்து காப்பி சாப்பிடும் எனக்கு, அந்தச் சொல்லின் பூர்வ கதை கொஞ்சம் தெரியும் என்பதால், சிரிப்பு வரும். மாமியின் எதிரில் சிரிப்பதில்லை.

அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'தெரியாது' என்றுதான் பொருள். லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஒருவன்மேல் குற்றச்சாட்டு வந்தால், அதை விசாரணைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முதலில் பார்ப்பதற்குக் 'கிராண்ட் ஜூரி' என்று ஒரு சபை முன்காலத்தில் இருந்தது. சாட்சியம் போதாது என்று அந்தச் சபையாருக்குத் தோன்றினால், குற்றப் பத்திரத்தின் முதுகில் 'இக்னொரேமஸ்' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். 'நாங்கள் அறியோம்' என்று அர்த்தம். ஆசாமி வீட்டுக்குப் போகலாம்.

1615-ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் அரசர் கேம்பிரிட்ஜுக்கு விஜயம் செய்தபோது, ஜார்ஜ் ரகிள் என்பவர் எழுதிய லத்தீன் நாடகம் ஒன்றை அவருக்கு நடித்துக் காட்டினார்கள். அதில் வரும் அரைகுறை வக்கீலுக்கு இக்னொரேமஸ் என்று பெயர். அரசருக்கு நாடகம் மிகவும் பிடித்துப்போய், அதை மறுபடி பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை கேம்பிரிட்ஜுக்கு வந்தார். வக்கீல்களுக்குத்தான் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு 'நாங்கள் அறியோம்' என்ற கோர்ட்டு வாசகம், ஒன்றும் அறியாத மூடனுக்குப் பட்டப் பெயராகிவிட்டது.

1755-இல் டாக்டர் ஜான்ஸன் தம்முடைய பெரிய அகராதியை வெளியிட்டார். அதில் 'இக்னோர்' என்ற வினைச்சொல்லுக்கு 'அறியாதிருத்தல்' என்று மட்டுமே பொருள் எழுதி, பாயில் என்பவர் இதைப் புழக்கத்தில் கொண்டுவரப் பார்த்தார், யாரும் ஏற்கவில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். வாயுவின் அழுத்தம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட விதிக்குச் சொந்தக்காரரான அதே ராபர்ட் பாயில்தான். வாயு அவர் சொன்னபடி கேட்டது, சொல் கேட்கவில்லை. ஜான்ஸன் காலமான பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே சொல் வேறு வேஷம் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தது. இப்போது அதன் அர்த்தம் 'தெரியாது' என்பது அல்ல. 'தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்' என்பது. மெய்யாகவே தெரியாதவர் யாரையும் இக்னோர் பண்ண முடியாது. கல்யாண வீட்டில் அந்த அம்மாள் எங்கள் மாமியை முழுசாகப் பார்த்து, இன்னார் என்று அடையாளம் கண்டு, பழைய மனஸ்தாபத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் பந்தலின் தோரணத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்க வேண்டும். எவ்வளவு சிரமம்!

இதையெல்லாம் நான் பொழுது போகாமல் தேடிப் படிக்கவில்லை. சென்ற வருஷம் ஒரு பெண் என்னுடைய பழைய சிறுகதைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முன்வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கெட்டிக்காரர். 'சட்டை செய்யவில்லை' என்று நான் எழுதியிருந்ததைத் தையற்காரர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கிறவர் அல்ல. அவர் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினார். கதை ஒன்றில், 'அந்த வீட்டில் அத்தையை யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று ஒரு வாக்கியம் வருகிறது. "இதற்கு ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன, ஸார். எதைப் போட்டாலும் கதை கொஞ்சம் மாறிவிடுகிறது. நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டிருந்தார்.

சின்னச் சந்தேகம்தான். ஆனால் அந்த அத்தை கற்பனைப் பாத்திரம் அல்லவே! என் தகப்பனாரின் தமக்கை அவள். பதினெட்டு வயதில் புருஷனை இழந்து, ஒரு தகரப் பெட்டியுடன், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நான் பிறந்தபோது அவள் அந்தச் சமையற்கட்டில் இருந்தாள். நான் உத்தியோகம் தேடி ஊரை விட்டுக் கிளம்பியபோதும் அங்கேயேதான் இருந்தாள். ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்றால், என் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பாமார் எல்லாரையும் கூண்டில் ஏற்றி, இன்ன குற்றம் என்று எழுதுகிற காரியமாக ஆகிறது. தமிழ் வாக்கியத்தில் இந்தச் சங்கடம் இல்லை. கண்டார்களா, காணவே இல்லையா, கண்டும் கொள்ளாமல் விட்டார்களா என்று நம் வாசகர் யாரும் கேட்பதில்லை. அவரவர் வீட்டிலும் ஓர் அத்தை இருந்தாள். 'உதாசீனம்' என்று போட்டிருந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். வடமொழியில் அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் 'ஒதுங்கி உட்கார்ந்திருப்பது' என்பார்கள். எங்கள் வீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவள் அத்தைதான்.

முதலில் 'நெக்லெக்ட்' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன். இதுவும் லத்தீன் வம்சம். 'எடுக்காமல் விடுவது' என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் சும்மா விட்டால் போதாது. எடுக்க வேண்டிய கடமை உள்ளவர் விட்டால்தான் அந்தச் சொல் பொருந்தும். இந்தக் கடமை எதுவரை நீளும் என்று தீர்மானிப்பதற்கு ஆங்கிலேயச் சட்டத்துக்கு ஒரு நத்தை தேவைப்பட்டது. 1928-இல் ஸ்காட்லாந்தில், பெய்ஸ்லி என்ற ஊரில், டொனஹ்யூ என்ற அம்மாள் ஒரு சிற்றுண்டிச் சாலையில் 'ஜிஞ்சர் பீர்' அருந்தினார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் ஊர்க் கலர் சோடாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிலின் மிச்சத்தைச் சாய்த்தபோது அழுகிய நத்தை ஒன்று வெளிவந்தது என்பது அவர் கட்சி. வாங்கிக் கொடுத்தவர் சிநேகிதி. ஆகவே கடைக்காரரிடம் வாது செய்ய வழியில்லை. தயாரித்தவர்மேல் வழக்குப் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 1932-இல் தீர்ப்பாயிற்று. என் செய்கையால் யார் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடுமோ அவர்களை நான் மனத்தில் வைத்துக்கொண்டே தீர வேண்டும், சட்டத்தின் கண்ணில் அவர்களே என் அண்டை வீட்டார் என்று லார்டு அட்கின் சொன்னார். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனையோ பேர் நஷ்ட ஈடு வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பாட்டிலில் நத்தை உண்மையாகவே இருந்ததா என்று மட்டும் எந்தக் கோர்ட்டும் கடைசிவரை விசாரிக்கவில்லை.

லார்டு அட்கின் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அத்தைக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வருஷத்துக்கு இரண்டு புடவை தவறாமல் வரும். ஜுரம் என்றால் கும்பகோணத்திலிருந்து டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். ஒரு கடமையிலும் தாத்தா குறை வைத்தவர் அல்ல. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் சாப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. இதற்கு எந்தச் சட்டத்தில் பிராது கொடுப்பது? அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

அடுத்தது 'கட்'. தெரிந்த மனிதரைத் தெரியாதவர்போல் கடந்து போவதற்கு ஆங்கிலேயர்கள் சூட்டிய பெயர் இது. 1811-இல் லண்டனில் வெளிவந்த கொச்சைச் சொல் அகராதி ஒன்று இந்தக் கலையை நாலு வகையாகப் பிரித்திருக்கிறது. வேண்டாத ஆசாமி வருவதைக் கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போய்விடுவது 'நேர் கட்'. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காதவர்போல் நடப்பது 'மறைமுகக் கட்'. கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரிக் கோயிலின் உச்சியையோ, வானத்து மேகங்களின் அழகையோ, ஆசாமி மறையும்வரை ரசித்துக்கொண்டு நிற்பது 'உன்னதக் கட்'. கடைசியாக, குனிந்து தன் பூட்ஸின் கயிறு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று ஆராய்வது 'நரகக் கட்'.

இந்த நாலில் கடைசி வகை இன்று அமோகமாக வளர்ந்திருக்கிறது. பூட்ஸ் கயிற்றின் ஸ்தானத்தில் கைபேசி வந்துவிட்டது. எதிரே இருக்கும் மனிதரை விட்டுவிட்டுக் கைபேசியையே பார்ப்பதற்கு 'ஃபப்பிங்' என்று 2012-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சொல்லையே உண்டாக்கினார்கள். 'போன்', 'ஸ்னப்பிங்' இரண்டையும் ஒட்டுப்போட்ட சொல். எனக்கு இரண்டாவது வகையிலும் மூன்றாவது வகையிலும்தான் அனுபவம் அதிகம். என் நாவலைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவதாக வாக்களித்திருந்த ஒரு விமர்சகர், ஒரு புஸ்தக வெளியீட்டு விழாவில் என்னைக் கண்டதும் மண்டபத்து மின்விசிறியை அரைமணி நேரம் ரசித்தார். அப்படி ஒன்றும் அழகான விசிறி அல்ல அது.

ஆனால் 'கட்' பண்ணுவதற்கு இரண்டு பேரும் ஒரே அந்தஸ்தில் இருக்க வேண்டும். தொப்பியைத் தூக்கி வந்தனம் சொல்ல வேண்டியவருக்குத்தானே சொல்லாமல் போக முடியும்? அத்தைக்கு அந்தக் கௌரவம் யார் கொடுத்தார்கள்! 'ஸ்னப்' என்ற சொல்லும் உதவவில்லை. வடநாட்டுக் கடலோடிகளின் பழைய பாஷையிலிருந்து வந்த அது, 'வெட்டிக் குட்டையாக்குவது' என்று பொருள்படும் சொற்களுக்கு உறவுக்காரச் சொல். தலையை நீட்டினவர் தலையைத்தான் வெட்டலாம். அத்தை எதிலும் தலையை நீட்டியதில்லை.

'பாய்காட்' என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் தம் ஜாபிதாவில் சேர்க்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன், அந்தக் கதை எனக்குப் பிடிக்கும் என்பதால். 1880-இல் அயர்லாந்தில் மேயோ ஜில்லாவில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் காப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். அவர்களை வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தார். அந்தச் செப்டம்பரில்தான் எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனுடைய நிலத்தை எவன் எடுத்துக்கொள்கிறானோ அவனை அடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், தெருவில், கடையில், சந்தையில், கோயிலில்கூட, அவனோடு யாரும் பேச வேண்டாம் என்று. அந்த மருந்தை ஜனங்கள் காப்டன்மேல் பிரயோகித்தார்கள். வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கொல்லன் லாடம் அடிக்கவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. துணி வெளுக்கவும் தபால் கொண்டுவரவும் ஆள் இல்லை. விளைந்த பயிரை எடுப்பதற்கு வடக்கேயிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஆயிரத்தை ஒட்டி சிப்பாய்கள். ஐந்நூறு பவுன் பெறுமான விளைச்சலைக் காப்பாற்றப் பத்தாயிரம் பவுன் செலவாயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் பிறந்ததும் காப்டன் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார். அவர் பெயர் மட்டும் எல்லாப் பாஷைகளிலும் தங்கிவிட்டது.

படிக்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள், அதனால் காப்டன் தவித்தார். எங்கள் வீட்டில் வேலை செய்தவளே அத்தைதான். அவள் ஒரு நாள் அடுப்பு மூட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் பதினோரு பேரும் காப்டன் பாய்காட் ஆகியிருப்போம்.

கண்ணை மூடிக்கொள்வது எல்லாச் சமயத்திலும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. 'குருட்டுக் கண்ணைத் திருப்புவது' என்று ஆங்கிலத்தில் ஒரு பிரயோகம் இருக்கிறது. நெல்ஸனின் கதையோடு சேர்த்துத்தான் அதைச் சொல்வார்கள். 1794-இல் கார்ஸிகாத் தீவில் நடந்த சண்டையில் அவருக்கு வலது கண்ணின் பார்வை போயிற்று. 1801 ஏப்ரல் 2-ஆம் தேதி கோபன்ஹேகன் துறைமுகத்தில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, தூரத்துக் கப்பலில் இருந்த தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர், சண்டையை நிறுத்தும்படி கொடி ஏற்றினார். நெல்ஸன் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வலது கண்ணில் வைத்துக்கொண்டு, எனக்கு எந்தக் கொடியும் தெரியவில்லை என்றாராம். சண்டையிலும் ஜெயித்தார். கதையில் கொஞ்சம் கைச்சரக்குச் சேர்ந்திருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் சிலர் சொல்வது உண்டு. இருக்கட்டும்.

என் பாட்டிக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். பாகவதம் படிக்கலாம், பக்த விஜயம் படிக்கலாம், பத்திரிகைக் கதை மட்டும் அத்தை படிக்கக் கூடாது என்பது பாட்டி போட்டிருந்த சட்டம். சித்தப்பா வாரப் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டுத் திண்ணையில் போட்டதும், அது எப்படியோ அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். மத்தியானம், எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, கொல்லைத் தாழ்வாரத்தில் அத்தை தொடர்கதை படிப்பாள். பாட்டி தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால், கூடத்திலிருந்தே இரண்டு தடவை உரக்க இருமுவாள். தொண்டையில் கோளாறு ஒன்றும் கிடையாது. பத்திரிகை பானைக்குப் பின்னால் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் உள்ளே நுழைவாள். ஒரு நாள் ராத்திரி, நாங்கள் குழந்தைகள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பாட்டி மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: "ஏண்டி, அந்தப் பொண்ணுக்கு அந்தப் பிள்ளையோடேயே கல்யாணம் ஆயிடுத்தோ?" அத்தை, "இன்னும் இல்லேம்மா, நடுவிலே ஒரு தந்தி வந்திருக்கு" என்றாள்.

இந்தப் பாட்டியையும் சேர்த்தல்லவா 'யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று எழுதியிருக்கிறேன்? அவளுக்காகவாவது கொஞ்சம் இளகிய சொல்லாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. அப்போது அகப்பட்டதுதான் 'ஓவர்லுக்'. விசித்திரமான சொல் அது. மேலிருந்து பார்ப்பது என்பது அதன் நேர்ப் பொருள். மேலிருந்து பார்க்கிறவர் கண்காணிப்பவர். ஆகவே மேற்பார்வை பார்ப்பது என்று ஓர் அர்த்தம் வந்தது. மேலேயே பார்க்கிறவருக்குக் கீழே இருப்பது தெரியாது. ஆகவே பார்க்கத் தவறுவது என்று நேர்விரோதமாக இன்னோர் அர்த்தமும் வந்தது. இவை போக மூன்றாவதும் ஒன்று உண்டு. கண் வைப்பது, திருஷ்டி போடுவது. ஷேக்ஸ்பியரின் போர்ஷியா இந்த அர்த்தத்தில் அதைச் சொல்கிறாள். இங்கிலாந்தின் மேற்குக் கோடிக் கிராமங்களில் வெகு காலம்வரை, மாடு கறக்கவில்லை என்றால் யாரோ அதை 'ஓவர்லுக்' பண்ணிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அத்தைக்கென்றே தைத்து வைத்ததுபோல் இருந்தது. சாவிக் கொத்து பாட்டியின் இடுப்பில் இருந்ததே தவிர, எந்த ஜாடியில் எவ்வளவு புளி இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு எந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாது, எந்தச் சித்தப்பா யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அத்தைக்குத்தான் தெரியும். வீட்டை மேற்பார்வை பார்த்தவள் அவள். நல்ல காரியத்துக்கு யாராவது புறப்பட்டால் அவள் பார்வை படக் கூடாது என்பதும் அந்த வீட்டின் ஏற்பாடு. நான் முதல் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று தயிர் சாதம் கட்டிக் கொடுத்தவள் அத்தை. வாசலில் சகுனமாக எதிரே வந்தவள் சித்தி. அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால், கதவோடு கதவாக நின்றுகொண்டிருந்தாள். கதவின் அடியில் அவள் கால் விரல்கள் தெரிந்தன.

'ஓவர்லுக்' என்றே போட்டுவிடுங்கள் என்று, மூன்று அர்த்தங்களையும் விவரித்து, மொழிபெயர்ப்பாளருக்கு நாலு பக்கம் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது.

"ஸார், உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றும். பாவம், கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். உங்கள் பாட்டிக்கு அது சரி. மற்றவர்களுக்கும் சேர்த்து விடுதலை கொடுக்க வேண்டுமா? கதவுக்குப் பின்னால் அவர் நிற்கிறார் என்பது வீட்டில் யாருக்குத் தெரியாது?"

நானும் விடவில்லை. "அத்தையையே கேட்டிருந்தால் அவளும் இந்தச் சொல்லைத்தான் சொல்லியிருப்பாள், அம்மா. யார்மேலும் அவளுக்கு வருத்தம் கிடையாது. 'அவாளுக்கு ஆயிரம் ஜோலி' என்பாள். அதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை" என்று எழுதினேன்.

"அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதற்காகத்தான் ஸார், நாம் சொல்லக் கூடாது என்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

புஸ்தகம் அச்சாவதற்கு முன்னால் புரூப் அனுப்பினார்கள். 43-ஆம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. 'இக்னோர்ட்' என்று போட்டிருந்தார். முன்காலத்து ஜூரிகள் இதே சொல்லின் தகப்பனாரைப் பத்திரத்தின் முதுகில் எழுதித்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமோ என்னமோ. நான் சொல்லவில்லை. மற்ற பக்கங்களில் நாலைந்து எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மசியால் திருத்தினேன். 43-ஆம் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல், மறுநாள் காலைத் தபாலில் திருப்பி அனுப்பினேன்.